ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் காது அடைக்கும்

ஜெரி, என் கண்ணே, என் சன்னல் சீட்டுச் சொந்தங்களே, எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்: அடுத்த மாதம் உன் அம்மா கொழும்புக்கு விமானம் ஏறப் போகிறாள், டிக்கெட் போட்டாயிற்று, அதுவும் சன்னல் ஓரம்!!!

நான் அனுப்பிய இணைப்பைத் தட்டிவிட்டு நீ இப்போது விழித்துக்கொண்டிருப்பாய். ‘சன்னல் சீட்டு அம்மா’ என்ற இந்தப் பக்கத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். பார்க்கக் கூடாது என்றுதான் என் பேரும் முகமும் இல்லாமல் நடத்தினேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து, விமானம் எப்படிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பேசியும் எழுதியும் வருவது உன் அம்மாதான். இங்கே இருக்கும் பிள்ளைகள் என்னைத் தலைவி என்கிறார்கள், ஜெரி. அந்தத் தலைவி இரண்டு பக்கமும் பொய் சொன்னவள். உன்னிடம், காதில் கோளாறு, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். இவர்களிடம், நான் ஏறியிருக்கிறேன் என்றேன். இரண்டுமே இல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் உன் கல்யாணத்தையே சென்னைக்கு இழுத்து வந்துவிட்டேன்.

நீ முதன்முதலாகக் கத்தார் நாட்டுத் தோகாவுக்கு வேலைக்குப் போன நாளில் ஆரம்பித்தது இது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ பையை உருட்டிக்கொண்டு மறைந்தாய். மயிலாப்பூருக்குத் திரும்பி வந்து, தைக்க வேண்டிய ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டு, போனில் தேடினேன்: விமானம் நடு வானத்தில் வெடிக்குமா? அந்தக் கேள்விக்கு வந்த முதல் வீடியோவைப் பார்த்தேன். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. பயத்தில் தேடப் போனவள் பைத்தியமாகித் திரும்பினேன். பிறகு வானத்தில் சத்தம் கேட்டால் போதும், ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவேன். உன் அப்பா படிக்கட்டில் நின்று கத்துவார்.

“இன்னாமே, மெஷின்ல துணி தொங்கிக்கினு கீது, நீ ஆகாசத்துல இன்னாத்த பாக்கற?”

“வால்ல மான் தலை. கத்தார்லேர்ந்து வருது.”

“உம் புள்ளையா ஓட்டிக்கினு வரான்? எறங்கு, பசிக்குது.”

எனக்கு அந்தப் பாடம் அவ்வளவு சீக்கிரம் ஏறியதற்குக் காரணம் தையல்தான். சதுரக் கழுத்து வைத்த ரவிக்கை எங்கே கிழியும்? மூலையில். கையைத் தூக்கினால் துணி நாலா பக்கமும் இழுபடும். வட்டக் கழுத்தில் அந்த இழுவிசை வளைந்து போய்ப் பரவிவிடும், சதுரத்தில் மூலைக்கு வந்து முட்டி நிற்கும். ஜெட் விமானங்கள் புதிதாக வந்த காலத்தில் ஏறக்குறைய சதுரமாகத்தான் சன்னல் வைத்தார்களாம். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளிருக்கும் காற்று உடம்பை ஊதும், இறங்கும்போது தளரும். ஊதித் தளர்ந்து, ஊதித் தளர்ந்து, மூலைகளில் மயிரிழை போல விரிசல் விழுந்து, ஒரு நாள் மொத்தமாகக் கிழிந்தது. உயிர்கள் போன பிறகுதான் சன்னல் மூலையை வளைத்தார்கள். அதைப் பார்த்த அன்று மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சொன்னேன், “அடப் பாவிங்களா, என்னக் கேட்டிருந்தா சொல்லிருப்பனே!” அதையே வீடியோவாக எடுத்துப் போட்டேன். கிழிந்த சதுரக் கழுத்தை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு. அன்றுதான் இந்தப் பக்கம் பிறந்தது.

உனக்கும் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ வருஷா வருஷம் இதற்குள் உட்கார்ந்துதான் என்னைப் பார்க்க வந்தாய். நீ பறக்கிற உயரத்தில் வெளியே இருக்கும் காற்று நம் கடற்கரைக் காற்றில் கால் பங்குதான். அங்கே மனிதன் நினைவோடு இருக்க முடியாது. அதனால் எஞ்சின் இழுத்து அமுக்குகிற காற்றிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக் குளிரவைத்து உள்ளே விடுகிறார்கள். சாந்தோம் காற்றின் அளவுக்கே அழுத்தம் வைத்தால் தகடு தாங்க வேண்டிய பாரம் கூடும், விமானமும் கனத்துப் போகும். அதனால் ஏறக்குறைய ஊட்டி அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே எமன், உள்ளே ஊட்டி! நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. அந்தத் தகடு தனியாக நிற்கவில்லை. உள்ளே வளையம் வளையமாக எலும்பு, நீளவாக்கில் கம்பி போல மெல்லிய எலும்பு, கிழிசல் ஓடாமல் இருக்க நாம் உள்பக்கம் வைத்துத் தைக்கிற பட்டி போல ஆங்காங்கே பட்டைகள். உடம்பு உருளையாக இருப்பதும் அதற்குத்தான். உருளையில் அழுத்தத்துக்கு ஒதுங்க மூலை கிடையாது. கதவைப் பற்றி எத்தனை பேர் பயப்படுகிறார்கள்! பெரும்பாலான கதவுகள் வாசலில் ஆப்பு போல உள்ளிருந்து வந்து உட்காரும். மேலே போகப் போக உள்காற்றே கதவை இறுக்கிப் பிடிக்கும். பத்து பயில்வான் வந்தாலும் பறக்கும்போது திறக்க முடியாது.

இதையெல்லாம் தெரிந்தவள் ஏன் ஏறவில்லை என்றுதானே கேட்கிறாய்? எனக்கும் அதுதான் வெட்கம். ஒன்றைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, பயத்துக்கு விவரம் கூடியது. மற்றவர்கள் ‘ஏதாவது ஆகிடுமோ’ என்று பயப்படுவார்கள். நான் சன்னலின் மூன்று அடுக்கில் எந்த அடுக்கு பாரம் தாங்குகிறது என்பது வரை தெரிந்து பயப்பட்டேன்.

நீ எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து, “வாம்மா, நான் இருக்கற எடத்தப் பாரு” என்று கூப்பிட்டபோது, சின்ன வயதில் காதில் சீழ் வந்த கதை ஞாபகத்துக்கு வந்தது. அது உண்மை. குளத்தில் குதிக்காதே என்று டாக்டர் சொன்னதும் உண்மை. அவர் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன். நீ உடனே நம்பினாய். “ஐயோ, காதுன்னா ரிஸ்க்கும்மா, நானே வந்துடறேன்.” அவ்வளவு சுலபமாக நம்பியவனிடம் அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? அந்த நாளிலிருந்து எப்போது போன் பேசினாலும் நீ முதலில் கேட்பது, “காது எப்டிம்மா கீது?” நான் சொல்வது, “அப்டியேதாம்பா இருக்கு.”

தோகாவில் உனக்கு வயிற்றைக் கிழித்துக் குடல்வாலை எடுத்தார்களே, அதை எழுதாமல் இருந்தால் இந்தக் கடிதமும் பொய்தான். உன் சிநேகிதன் போன் செய்து, “அம்மா, நீங்க மட்டும் வாங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றான். உன் அப்பாவுக்கு அப்போது பாஸ்போர்ட் கிடையாது. என்னிடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன், ஜெரி. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை, கையை மட்டும் வைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டார். உனக்குக் கஞ்சி கொடுத்தது, அந்த மருத்துவமனையில் நர்சாக இருந்த கொழும்புப் பெண் டிலக்சி. கண் திறந்ததும் நீ போனில் என்னிடம் சொன்னது, “நீ வரலன்னு வருத்தப்படாதம்மா, உனக்குக் காது.” நான் அழுதேன். நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்.

அதே சமயத்தில்தான் இங்கே ஒரு பிள்ளை கேட்டான், “தலைவி, உங்க ஃபர்ஸ்ட் ஃப்ளைட் அனுபவத்த எழுதுங்க ப்ளீஸ்!” உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மதுரைக்குப் போய் வந்ததாக நீளமாக எழுதினேன். ‘விமானம் ஏற ஏறக் காது அடைத்து, வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. இறங்கும்போது பூப்போல இறங்கியது, காதுக்கு ஒன்றுமே தெரியவில்லை’ என்று. எல்லோரும் கொண்டாடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூர் கடற்கரையில் என்னோடு விமானம் பார்க்கக் கூடும், என் பேர் தெரியாமல் முகம் மட்டும் தெரிந்த பிள்ளைகளில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சூப்பர்மா, நானும் கூடவே பறந்த மாதிரி இருந்துச்சு” என்றாள். இன்னொருவன், “எத்தினி தபா ஏறிகீறீங்கம்மா?” என்றான். “அதெல்லாம் யாரு எண்ணிக்கினு இருந்தா நைனா” என்றேன். வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது.

பிறகு நீயும் டிலக்சியும் ஒருவரை ஒருவர் விரும்பியதும், வீட்டில் பேசியதும், எல்லாம் உனக்குத் தெரிந்தது. பெண்ணின் பங்குக் கோயிலில் கல்யாணம் என்பதுதான் முறை. அதற்குள் அவளுடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு அவள் கொழும்புக்கே போய்விட்டாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினால் ஒரு தெரு தாண்டி அவர்கள் கோயில். அதற்கு மேல் அவரால் பயணம் முடியாது. இதெல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. நீதான் சொன்னாய், “அம்மா இல்லாம நான் எப்டி கல்யாணம் பண்ணிக்கறது? சென்னைலயே வெச்சிக்கலாம்.” டிலக்சி என்னைக் கூப்பிட்டு, “நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ அன்ரி. உங்கட காதுதான் முக்கியம். நாங்கள் அங்க வாறம்” என்றாள்.

“உங்க அப்பா என்னம்மா செய்வாரு?”

“அப்பா போனில பாப்பார்.”

நான் அப்போதும் “ஆண்டவர் பாத்துக்குவாரு” என்றுதான் சொன்னேன். ஆண்டவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண ரவிக்கையை நானே தைக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? தி.நகரில் கடை கடையாக ஏறி இறங்கி வெள்ளைப் பட்டு வாங்கி, வீடியோவில் அவளிடம் காட்டினேன். “சதுரக் கழுத்து வையுங்கோ அன்ரி” என்றாள். நான் என்னை மறந்து ஆரம்பித்துவிட்டேன். “சதுரம் வேணாம்மா, மூலை கிழியும். ப்ளேன் சன்னல் ஏன் வளைவா இருக்குன்னு நெனைக்கற?” அவள் போனுக்குக் கிட்டே வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். “சரி அன்ரி, உங்கட விருப்பப்படி தையுங்கோ” என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

போன ஞாயிறு நம் கோயிலில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். இந்தப் பக்கத்தில் பல மதத்துப் பிள்ளைகள் இருப்பதால் சொல்கிறேன்: எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் படிப்பார்கள். சாமியார் உன் பெயரையும் டிலக்சி பெயரையும் படித்துவிட்டு, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். எத்தனையோ பேருக்குப் படித்துக் கேட்ட வரிதான். அன்று அது என்னைக் குறித்தே படித்தது போல இருந்தது. தடை நான்தான். மூன்றாவது வரிசையில், உன் அப்பாவுக்குப் பக்கத்தில், முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை. ஜபமாலையை உருட்டிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டிலக்சி கூப்பிட்டாள். “ஓலை வாசிச்சாச்சோ அன்ரி?”

“வாசிச்சாச்சும்மா. யாரும் ஒண்ணும் சொல்லல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். குற்றமுள்ள வாய் நிற்காது. “எனக்கு மட்டும் இந்தக் காது இல்லன்னா நானே அங்க வந்திருப்பேன். ப்ளேன் மேல ஏறும்போது காது கிழியற மாதிரி வலிக்கும், செவிடே ஆய்டலாம்னு டாக்டர் சொன்னாரும்மா.”

அவள் கோபப்படவில்லை. ரகசியம் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னாள். “ஏறேக்க இல்ல அன்ரி. இறங்கேக்கதான் காது அடைக்கும்.”

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன்.

“ஏறின ஆக்களுக்குத் தெரியும்” என்றாள். “உங்கட பக்கத்த நான் கனகாலமா வாசிக்கிறனான். ஆர் எண்டு தெரியாமத்தான் வாசிச்சனான். அண்டைக்கு நீங்கள் சதுரக் கழுத்தப் பற்றிச் சொல்லேக்க குரல் பிடிபட்டிட்டுது. வடிவா விளங்கப்படுத்திறியள் அன்ரி. மதுரைக்குப் போன கதை மட்டும்தான் பிழை.”

“ஜெரிகிட்ட சொல்லிட்டியாம்மா?”

“இல்ல. அது நீங்கள் சொல்ல வேண்டியது.” பிறகு, “எனக்கும் முதல்தரம் சரியான பயம். பக்கத்தில இருந்த ஆர் எண்டு தெரியாத மனிசியின்ர கையப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

என்ன அவமானம் பாருங்கள், சொந்தங்களே! விமானத்தின் வால் பக்கம் காற்றைக் கசியவிடும் வால்வைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். காதுக்குள்ளும் ஒரு வால்வு இருப்பது தெரியவில்லை. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானே கசிந்து வெளியேறிவிடுகிறது. இறங்கும்போதுதான் வெளிக் காற்று கனத்து, உள்ளே போகும் மெல்லிய குழாயை ஒட்ட அமுக்குகிறது. எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டுத் திறக்க வேண்டும். ஒரே ஒருமுறை ஏறியவருக்குக்கூடத் தெரிந்தது இது. வீடியோவில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கற்பனையில் விமானம் ஏறிக்கொண்டே இருந்தது, பயம் முழுக்க ஏறுவதில் இருந்தது. இறங்குவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் அடையாறில் காது டாக்டரிடம் போனேன். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “பழைய தழும்புதான். சுத்தமா இருக்கு. தாராளமா போய்ட்டு வாங்க” என்றார். வெளியே நின்ற உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை உதைத்துக்கொண்டே, “எனுக்குத் தெரியும்மே” என்றார். “புள்ளைக்கு ஆபரேசன் அன்னிக்கு நீ வலது காதுல கைய வெச்ச. சீழ் வந்தது எடது காதுன்னு கல்யாணமான புதுசுல நீதான் சொன்ன.” எத்தனை வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குத் தோசை வார்த்துப் போட்டாரோ. “ஏன் கேக்கல?” என்றேன். “கேட்டா நீ இன்னொண்ணு சொல்லுவ” என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், ஜெரி. நேற்று உன்னிடம் போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் “காது எப்டிம்மா கீது?” என்றாய். வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோர் முன்னாலும் எழுதுவது உன்னைச் சங்கடப்படுத்தும், தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைகளிடமும் பொய் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் தனியாகச் சொன்னால் இவர்கள் முன்னால் தலைவியாகவே இருந்துவிடுவேன் என்று எனக்கே என் மேல் சந்தேகம். மதுரைக் கதையை அழிக்கவில்லை. அதன் மேலேயே ‘இது பொய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நம் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொழும்புச் சாமியாரிடம் பேசிவிட்டார். மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு. அதன் பிறகு தடை இல்லை என்று இங்கிருந்து எழுதிக் கொடுத்தால் கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், நாள்கூட மாற வேண்டியதில்லை. டிலக்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அவர் ஓம் எண்டா எனக்கும் ஓம்” என்றாள். பாக்கி இருப்பது உன் வாய் வார்த்தை மட்டும். என் மேல் நீ எவ்வளவு கோபப்பட்டாலும் சரி, கோபத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் வைத்துக்கொள். அந்த மனுஷர் தன் மகள் மாலையோடு நிற்பதைப் போனில் பார்க்கக் கூடாது. சக்கர நாற்காலியில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று. விமானத்தைக் காற்றுப் புகாத டப்பா என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளே காற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள், வால் பக்கத்து வால்வு அதைச் சிறுகச் சிறுக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் உள்ளே இருப்பவர்களின் உயிர் இருக்கிறது. உனக்கு ஏதாவது பயம் என்றால் அன்றைக்கே டிலக்சியிடம் சொல்லிவிடு. நான் உன் அப்பாவிடம்கூட வாய் திறக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மனுஷருக்கு வலது காது, இடது காது வைத்துக் கணக்குப் போட வேண்டியதாகிவிட்டது.

ரவிக்கை தயார். சதுரக் கழுத்துதான், அவள் ஆசைப்பட்டபடி. மூலையை மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைத்து, உள்ளே பட்டி வைத்திருக்கிறேன். பெட்டியில் போட்டு அனுப்ப மாட்டேன், மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். பயமாகத்தான் இருக்கிறது. உன் அப்பா, “நடுவுல எறங்கணும்னு கத்துனா நான் யாரோ நீ யாரோ” என்று இப்போதே சொல்லிவிட்டார்.

என் சன்னல் சீட்டுச் சொந்தங்களே, இந்தப் பக்கத்தை விட்டுப் போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள், எனக்கு அது வேண்டியதுதான். இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்: இறங்கும்போது காது அடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உண்மையில் ஏறியவர்கள் மட்டும் சொல்லுங்கள், நான் படித்துக் கற்றுக்கொள்கிறேன். இன்னும் ஏறாதவர்கள் ஏறவில்லை என்றே எழுதுங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் காது, முட்டி, தலைசுற்றல் என்று ஏதாவது சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடும் அம்மா இருந்தால் அவருக்கு இதை அனுப்பி வையுங்கள். நான் கிளம்பும் நாளில் முடிந்தவர்கள் திருவான்மியூர் கடற்கரைக்கு வாருங்கள். எங்கள் விமானம் உங்கள் பக்கமாக வருமோ வராதோ, கடல் மேல் எது போனாலும் கையசையுங்கள்.

ஜெரி, நீ இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு. திட்டு, பரவாயில்லை. ஆனால் வழக்கம் போல முதலில் அந்தக் கேள்வியைக் கேள். காது நல்லா இருக்குப்பா. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. அதை என் வாயாலேயே உனக்குச் சொல்ல வேண்டும். கூப்பிடு.